49 செ.மீ. மழையில் வராத தண்ணீர்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தென்சென்னைப் புறநகரில், தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. ஆனால் 14-ஆம் எண் வீட்டுக்குள் அது நுழையவில்லை. வாசலில் ஒரு படியை மூழ்கடித்து, அடுத்த படியின் விளிம்பை நக்கிவிட்டு இறங்கிவிட்டது.

அதே வீட்டின் கூடத்தில் 2022 நவம்பரில் ஓர் இரவு இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. புயல் கிடையாது. மறுநாள் பள்ளி விடுமுறை விடுவார்களா என்று பிள்ளைகள் ஆசையோடு கேட்கும் அளவிலான வழக்கமான வடகிழக்குப் பருவமழைதான்.

49 செ.மீ. மழையில் வராத தண்ணீர் இந்த மழையில் எப்படி வந்தது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து சென்ற கதை. ஊர்ப் பெயரும் அலுவலகப் பெயரும் இங்கே வேண்டாம். புறநகரில் குடியிருப்பவர்கள் அவரவர் தெருவின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

14-ஆம் எண்ணில் இருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. தெருவில் அவருக்கு டீச்சர் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அன்று அதிகாலை நான் போனபோது, கட்டிலின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, நனைந்த பத்திரங்களை ஒவ்வொன்றாகத் தலையணை உறைமேல் பரப்பிக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜை இரண்டு செங்கல்மேல் ஏற்றியாகிவிட்டது. "வாருங்கள் தம்பி, செருப்போடே வாருங்கள்" என்றார். டீச்சர் வீட்டில் செருப்போடு நுழையச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

காலை ஏழு மணிக்குள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று காரணங்கள் உலவத் தொடங்கின. ஏரி உடைந்துவிட்டது என்பது முதலாவது. வடிகால் அடைத்துக்கொண்டது என்பது இரண்டாவது. பின்தெருவில் புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு தரைத்தளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றுகிறது என்பது மூன்றாவது. ஏரி உடைந்ததாக வந்த காணொளியில் பின்னால் தென்னந்தோப்பும் மலையும் தெரிந்தன. எங்கள் ஏரிக்கரையில் ரேஷன் கடையும் கோழிக்கடையும்தான் உண்டு. ஆனாலும் அது பதினோரு பேரால் பகிரப்பட்டது.

குடை பிடித்துக்கொண்டு நாங்கள் மூவர் ஏரிக்கு நடந்தோம். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கலுக்கு இரண்டடி கீழே தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. அடுக்குமாடி விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. மோட்டார் ஓடியது, ஆனால் அந்தத் தண்ணீர் போனது வேறு தெருவுக்கு. மிஞ்சியது வடிகால்.

வடிகாலின் மூடி ஒன்றைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோதுதான் இந்த விவகாரம் வேறு திசையில் திரும்பியது. உள்ளே அடைப்பு எதுவும் இல்லை. அடியில் ஒரு சாண் சேறும் அதன்மேல் கொஞ்சம் தண்ணீரும்தான். தெருவில் தண்ணீர் தேங்கி நிற்க, தெருவின் மழைநீரை வாங்குவதற்கென்றே கட்டிய வடிகால் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. அதன் பக்கச் சுவரில் தண்ணீர் நுழைய விட்டிருந்த துளைகளைப் பார்த்தோம். அவை சாலைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தன. தண்ணீர் அந்த உயரத்தை எட்டுவதற்குள் டீச்சரின் கூடத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது.

துளைகள் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பிறகு ஒரு பொறியாளரைக் கேட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகப் பதில் சொன்னார். "அடுத்த முறை சாலை போடும்போது உயரும் அல்லவா சார், அதையும் கணக்கிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார். அதாவது, வருங்காலத்துச் சாலைக்காக இன்றைக்கே கட்டப்பட்ட வடிகால். சாலை உயரும் என்பது சூரியன் உதிக்கும் என்பதைப்போல் உறுதியான செய்தியாக அவருக்கு இருந்தது. அந்தப் பதிலில்தான் எனக்குப் படிகளின் நினைவு வந்தது.

டீச்சர் வீடு கட்டியது 1987-ல். வாசலுக்கு ஐந்து படிகள், ஒவ்வொன்றும் 15 செ.மீ. கிரகப்பிரவேசப் புகைப்படத்தில் டீச்சரின் மாமியார் மூன்றாவது படியில் அமர்ந்திருக்கிறார், கீழே இன்னும் இரண்டு படிகள் தெரிகின்றன. 2015 வெள்ளத்தின்போது எடுத்த படத்தில், தண்ணீர் வடிந்த மறுநாள், மொத்தம் இரண்டே படிகள். இப்போது ஒன்று. நான்கு படிகள், 60 செ.மீ., சாலைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. மண் பாதையின்மேல் செம்மண், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் தார், பழைய தாரின்மேல் புதிய தார். ஒவ்வொரு முறையும் சாலை போட்டபோது பூசணிக்காய் உடைத்து, சாக்லேட் கொடுத்து வரவேற்றவர்கள் நாங்கள்தான்.

ஆனால் படி குறைந்தது மட்டும் பதிலாகாது. ஒரு படி மிச்சம் இருக்கிறதே, 15 செ.மீ. அதையும் தாண்டி வர வேண்டுமானால் தண்ணீர் தெருவில் நின்றாக வேண்டும். எங்கள் தெரு மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து, கோடியில் உள்ள கால்வாயில் முடிவது. அந்தக் காலத்தில் சைக்கிளை மிதிக்காமலே கால்வாய் வரை போய்விடலாம். சரிவான தெருவில் தண்ணீர் ஏன் நிற்கிறது?

இதைத் தெரிந்துகொள்ள 2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவை அளந்தோம். கருவி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல். 20 மீட்டர் நீளமுள்ள, ஊடுருவித் தெரியும் குழாயில் தண்ணீர் நிரப்பினால் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அவ்வளவுதான் அதன் விஞ்ஞானம். எங்கள் பகுதியில் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் சம்பளம் வாங்காமல் வந்தார். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்தார். குழாயில் காற்றுக் குமிழ் ஒன்று மாட்டிக்கொண்டால் கணக்கே பொய்யாகிவிடும் என்று, குழந்தையை ஏப்பம் விட வைப்பதுபோல் அதைத் தோளில் போட்டுத் தட்டித் தட்டிக் குமிழ்களை வெளியேற்றினார். முனைகளைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நடக்க வேண்டும், நின்ற இடத்தில் விரலை எடுக்க வேண்டும். என் விரல் இரண்டு முறை நழுவி, இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் கத்திய எண்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதினார். அவர் வீட்டெதிரே சாலையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டோம்.

மேற்கு முனை 31 செ.மீ. உயரம், சரி. 9-ஆம் எண் வாசலில் 14. இதுவும் சரி. 14-ஆம் எண்ணில் பூஜ்யம். அதற்கப்புறம் எண்கள் இறங்க வேண்டும், இறங்கவில்லை. 17-ஆம் எண்ணில் 6. கால்வாயை ஒட்டிய கடைசி வீட்டில் 19.

டீச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இன்னொரு தடவை பாருங்கள்" என்றார். பார்த்தோம். 19-தான்.

தெருவின் கடைசி 40 மீட்டருக்கு 2019-ல் சிமென்ட் கான்கிரீட் போட்டார்கள். கால்வாயின்மேல் புதிதாகக் கட்டிய சிறுபாலத்தின் மட்டத்துக்குச் சாலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்ததால் கான்கிரீட் ஏறுமுகமாகப் போனது. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், 40 மீட்டரில் 19 செ.மீ. ஆனால் தண்ணீருக்கு அது தெரியும். சரிவான தெரு கிண்ணமாகிவிட்டது, கிண்ணத்தின் அடியில் டீச்சர் வீடு.

இனிக் கணக்கை டீச்சரே போட்டார். கிண்ணம் நிரம்பி வழிய 19 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அவர் வீட்டுப் படி 15. மிச்சம் 4. கூடத்தில் நின்றது இரண்டு விரற்கடை, அதுவும் ஏறக்குறைய 4 செ.மீ. தன் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் விடையைச் சரியாகச் சொன்னதுபோல் ஒரு திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. 2015-க்கும் பதில் அதில் இருந்தது. அப்போது படிகள் இரண்டு, கிழக்கில் ஏற்றமும் கிடையாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு சாலைப் பணிகளில் பழைய தாரைச் சுரண்டி எடுத்தீர்களா என்பது கேள்வி. சட்டப்படி 30 நாளில் வர வேண்டிய பதில், மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. "மதிப்பீட்டில் அவ்வேலை இடம்பெறவில்லை." இத்தனைக்கும் பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதியது போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குப் போய்விடக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது எல்லா நாளிதழ்களிலும் வந்த செய்தி. எங்கள் தெருவின் வேலைகள் அதற்கு முந்தியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் குற்றவாளி அலுவலகம்தான் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அளக்கும்போது மேஸ்திரி இன்னொன்றையும் காட்டினார். ஐந்து மீட்டர் அகலத் தார்ச்சாலையில் நடுப்பகுதி, ஓரங்களைவிட ஐந்தாறு செ.மீ. உயர்ந்து, முதுகுபோல் இருக்க வேண்டும். மழைநீர் ஓரங்களுக்கு வழிந்து, ஓரமாகவே ஓடிப் போவதற்காக. எங்கள் தெருவில் அந்த ஓரம் எங்கே? சாலை உயர உயர, அவரவர் கேட்டுக்கு முன்னால் வண்டி ஏற்றச் சிமென்ட் சரிவுமேடை கட்டிக்கொண்டோம். எண்ணிப் பார்த்தோம். 22 வீடுகளுக்கு 17 மேடைகள். சில, சாலைக்குள் இரண்டடி நீண்டிருந்தன. ஓரமாக ஓட வேண்டிய தண்ணீர், மேடைக்கு மேடை முட்டி நின்று, நடுச்சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வடிகாலின் கொஞ்சநஞ்சத் துளைகளில் பாதியும் அந்த மேடைகளுக்குப் பின்னால்தான். பதினேழில் ஒன்று என்னுடையது. ஸ்கூட்டர் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று 2020-ல் நானே நின்று கட்டவைத்தது, மேலே கோலப்பொடி டிசைனில் கோடு வேறு போட்டுவைத்திருந்தேன்.

அடுத்தது 15-ஆம் எண் வீடு. அதைத் தெருவே வேடிக்கை பார்த்தது 2021-ல். சாலையைவிடப் பள்ளமாகிவிட்ட வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சென்னையில் இந்த வேலையைச் செய்பவர்களில் ஹரியானாக்காரர்கள் அதிகம், இங்கே வந்ததும் அவர்கள்தான். முதலில் வீட்டுக்குள் சுவர் ஓரமாகத் தரையை உடைத்து, அஸ்திவாரம் தெரியும் வரை தோண்டினார்கள். சுவரின் அடியைத் துண்டு துண்டாக அறுத்து, அறுத்த இடத்தில் இரும்புச் சட்டம் நுழைத்து, அதன்கீழ் ஒரு ஜாக்கி. பிறகு அடுத்த துண்டு. வீடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட ஜாக்கிகளின்மேல் நின்றது. அப்புறம் தலைவர் குரல் கொடுக்க, வரிசையாகக் குந்தியிருந்த ஆட்கள் ஒரே நேரத்தில் கம்பியைத் திருப்பினார்கள். வீடு நூல் அளவு ஏறியது. மறுபடி குரல், மறுபடி நூல் அளவு. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, சமையலறையில் குக்கர் சத்தம் கேட்டது. ஒரு மாதத்தில் நான்கடி. இப்படித் தூக்கும்போது சுவர் சரிந்து தொழிலாளர்கள் இறந்த செய்திகளும் பத்திரிகைகளில் வந்தவைதான். இங்கே நல்லபடியாக முடிந்தது.

வீடு உயர்ந்த பிறகு முன்வாசலை மட்டும் பள்ளமாக விட முடியுமா? கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். அதுவரை அந்த முன்வாசல்தான் அந்த வீட்டு மழையை வாங்கி நிலத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. 2003-ல் மாநிலம் முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டி இப்போது நான்கடி இடிபாட்டுக்கு அடியில். மாடித் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாகத் தெருவுக்கு வருகிறது. தெருவில் அது சேரும் இடம் எது என்று டீச்சரின் நோட்டு சொல்லும். அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, கடன் வாங்கித் தூக்கினார்.

டீச்சரிடமும் தூக்கிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். "வீட்டைத் தூக்கினால் கிணறும் மாமரமும் கீழேயேதானே இருக்கும் தம்பி" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆக 2023 மார்ச்சில் என் மேடையை உடைத்தேன். என் மனைவி ஸ்கூட்டரைக் காட்டி, "இதை இனிமேல் தலையில் தூக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள்" என்றாள். பலகை ஒன்று போட்டு ஏற்றி, உள்ளே வந்ததும் எடுத்துவிடுகிறோம். எட்டு வீடுகள் உடைத்தன. நான்கு வீடுகள் மேடைக்கு அடியில் குழாய் பதித்தன. மற்றவர்கள், எல்லோரும் செய்தால் நாங்களும் செய்கிறோம் என்றார்கள்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அதற்கு எங்கள் மேடை உடைப்பெல்லாம் பொருட்டே இல்லை. டீச்சர் கூடத்தில் ஒரு சாண் தண்ணீர். அவரை என் வீட்டு மாடிக்கு அழைத்துவந்தோம். மூன்று நாள் இருந்தார், நோட்டும் கூடவே வந்திருந்தது.

உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று, 2022-ல், நகர்ப்புறங்களிலும் கிராம சபைபோல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன, பம்மலில் நடந்ததில் முதல்வரே கலந்துகொண்டார். அந்த வழி இருக்கிறதென்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. 2024 ஜனவரியில் நடந்த கூட்டத்துக்கு நாங்கள் பதினான்கு பேர் போனோம். மற்றவர்கள் நாய்த் தொல்லை, தெருவிளக்கு என்று பேசிக்கொண்டிருந்தபோது டீச்சர் எழுந்து 31, 14, 0, 6, 19 என்று படித்தார். கரும்பலகை இல்லாததுதான் குறை. பொறியாளர் எண்களைக் குறித்துக்கொண்டு, தாரைச் சுரண்டிப் போட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். கைதட்டினோம்.

வெளியே வந்ததும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சார், நடுவில் மட்டும் சுரண்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்றார். எனக்கு விளங்கவில்லை. டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. நடுவில் ஆறு செ.மீ. சுரண்டி மூன்று செ.மீ. தார் போட்டால் சாலை மூன்று இறங்கும். படி 18 ஆகும். ஆனால் கிண்ணமும் மூன்று ஆழமாகும், 19 என்பது 22 ஆகும். இருபத்திரண்டில் பதினெட்டு போனால் அதே நான்கு. ஏறக்குறைய ஓராண்டாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த சுரண்டல் வந்தே சேர்ந்தாலும் கூடத்தில் அதே இரண்டு விரற்கடைத் தண்ணீர்தான் நின்றிருக்கும். வெட்ட வேண்டியது கிழக்கே இருக்கும் கான்கிரீட்டை.

அடுத்த வாரம் இந்தக் கணக்கோடு அலுவலகத்துக்குப் போனோம். கான்கிரீட்டை முழுவதும் உடைக்க நிதி இல்லை என்றார்கள், அது நியாயம்தான். கடைசியில் வடக்கு ஓரமாக, 40 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட்டை அறுத்து, ஓரடி அகலத்தில், கால்வாய் வரை சரிவாகத் திறந்த ஓடை ஒன்று விடுவது என்று முடிவானது. அந்த வரிசையில் மிச்சமிருந்த மேடைகளை அவர்களே அகற்றிவிட்டு, கேட்டுகளுக்கு முன்னால் இரும்புச் சல்லடை மூடி போட்டுத் தருவார்கள். கணக்குப்படி இனித் தண்ணீர் 7 செ.மீ. நின்றாலே வழிந்துவிடும்.

ஆகஸ்டில் இரண்டு இரவுகள் சுரண்டும் இயந்திரம் ஓடியது. உதிர்ந்த பழைய தாரில் மூன்று அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன, கேக் வெட்டிய மாதிரி. ஓடை வெட்டி முடிக்க செப்டம்பர் ஆனது. ஒரு வீட்டுக்காரர் மட்டும் கார் ஏறாது என்று சண்டையிட்டு, தன் கேட்டுக்கு முன்னால் சல்லடைக்குப் பதில் கான்கிரீட் பலகை போடவைத்துவிட்டார். அதற்கடியில் இலைகள் அடைத்துக்கொள்கின்றன. மழைக்கு முன்பு நானோ மேஸ்திரியோ குச்சி விட்டுக் குத்துகிறோம்.

வடிகாலின் துளைகள் இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மைனா கூடு கட்டியிருக்கிறது.

2024 அக்டோபர் மழையில் டீச்சர் வாசலில் தண்ணீர் நின்றது, படியில் பாதிக்கும் கீழே. அவர் உள்ளேயிருந்து மர ஸ்கேலோடு வந்து, குனிந்து அளந்தார். எட்டு. கணக்கைவிட ஒன்று அதிகம். "பலகைக்கு அடியில் போய்ப் பாருங்கள்" என்றார்.